மேசையில் விட்டுப்போன புத்தகங்கள்

தையல் கடைக்குப் போகிறேன் என்று வாரத்துக்கு இரண்டு நாள் டவுன் பஸ் ஏறுகிறவள், மூன்று மாதத்தில் ஒரு ஜாக்கெட்கூடத் தைத்துக்கொண்டு வரவில்லை என்றால் எந்தப் புருஷனுக்குத்தான் வயிற்றில் புளி கரைக்காது? நிலவழகனுக்குக் கரைத்தது. பதினோரு வருஷம் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிவிட்டு, போதும்டா சாமி என்று வல்லத்திராக்கோட்டைக்கே வந்து சேர்ந்தவன். உச்சியில் உட்கார்ந்து கீழே நடப்பதையெல்லாம் கவனித்தே பழகிய கண் ஊருக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. பெண்டாட்டி சுடர்விழி போனைக் கவிழ்த்து வைத்தால் சந்தேகம். நிமிர்த்தி வைத்தால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போனான். புதுக்கோட்டையில் இறங்கியவள் தையல் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து நூலகத்துக்குள் நுழைந்து மாடி ஏறினாள். நூலகமா! கல்யாணப் பத்திரிகையைத் தவிர இவள் எதையும் வாசித்து இவன் பார்த்ததில்லையே. அவனும் ஏறிப்போய் வராந்தா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். நீள மேசை. இந்தப் பக்கம் சுடர்விழி, எதிரே கண்ணாடி போட்ட ஒருத்தன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் இருந்ததுதான் இவனுக்கு ரொம்ப உறுத்தியது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கண்ணாடிக்காரன் போனான். ஒரு மணிக்கு அவள் போனாள். சேர்ந்து போனால் தெரிந்துவிடும் என்று முன்னே பின்னே போகிறார்களாக்கும். அடப்பாவிகளா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனான்.

அது குறிப்புதவிப் பிரிவு. அங்கே புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொண்டுதான் போக வேண்டும். எடுத்த புத்தகத்தை நாமே அடுக்கவும் கூடாது, மேசையிலேயே விட்டுவிட வேண்டும். எந்தெந்தப் புத்தகம் எடுக்கப்பட்டது என்று சாயங்காலம் குறித்துக்கொண்டு அவர்களே அடுக்குவார்கள். புத்தகத்தின் பெயரைத்தான் குறிப்பார்கள், எடுத்தவர் பெயரை அல்ல. இருபது வருஷமாக அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் அஜீசாவிடம் நேராகவே கேட்டான்.

“இப்பப் போச்சே ஒரு பொம்பள, அது என்னங்க கேட்டுச்சு?”

“யாரு என்ன கேட்டாங்கன்னு இங்க சொல்றதில்லைங்க. ஒங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க, தேடித் தாரேன்.”

“நான் அவ புருஷங்க.”

“அதனால என்னங்க? நாளைக்கு அவங்க வந்து நீங்க என்ன கேட்டீங்கன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

பெரிய இவள் என்று நினைத்துக்கொண்டே மேசைப் பக்கம் போனான். அங்கே நடுவில் சேர்ந்தே கிடந்தன புத்தகங்கள். மேலே இந்து திருமணச் சட்ட விளக்கம். அடுத்தது ஜீவனாம்ச வழக்குகள். மூன்றாவது, குடும்ப நீதிமன்ற நடைமுறை. பக்கத்தில் இரண்டு தடித்த விலங்கியல் புத்தகங்களும் கிடந்தன, அவற்றை இவன் புத்தகமாகவே மதிக்கவில்லை. அத்துவிடப் போகிறாள். பதினோரு வருஷம் வெயிலில் கருகியதெல்லாம் இதற்குத்தானா?

“ஒரு மேசையில நாலு பேரு உக்காருவாங்க சார்,” என்றார் அஜீசா. “மேசையப் பாத்து ஒரு ஆளப் பத்தி முடிவு பண்ணாதீங்க.”

அவன் காதில் அது ஏறவே இல்லை. வீட்டுக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால்தான் மனுஷன் ஆயிற்றே! கறம்பக்குடியில் இருக்கும் அவள் அண்ணன் ரெங்கசாமிக்கு போன் போட்டு, அன்று சாயங்காலமே வரவழைத்துக் கூடத்தில் உட்கார வைத்தான்.

“என்னைய அத்துவிட்டுட்டு எவங்கூடவோ போகப் பாக்குறா ஒங்க தங்கச்சி. யாருடி அந்தக் கண்ணாடிக்காரன்?”

சுடர்விழிக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் முன்னால் புருஷன் இப்படிக் கேட்டால் எவள்தான் தாங்குவாள்? அவள் வாய் திறப்பதற்குள் அவளுடைய கைப்பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். தடித்த நோட்டு ஒன்று விழுந்தது. பக்கம் பக்கமாக எழுத்து. மனு எழுதுகிறாளா மனு என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் நாலாகக் கிழித்து வீசினான்.

ரெங்கசாமி குனிந்து ஒரு துண்டை எடுத்தார். தவளையின் இதயம். பென்சிலால் பொறுமையாக வரைந்து, ஒவ்வொரு அறைக்கும் பெயர் எழுதியிருந்தது.

“இது காலேஜ் பாடமாச்சே மாப்ள,” என்றார்.

“ரெண்டு அரியர்,” என்றாள் சுடர்விழி. “கல்யாணத்துக்காக விட்டது. இப்ப எழுதலாம்னு ஒரு வாய்ப்புக் குடுத்திருக்காங்க. புத்தகம் வீட்டுக்குத் தர மாட்டாங்க, அதான் போய்ப் போய் எழுதுனேன். இன்னும் பத்து நாள்ல பரீட்சை.”

“அப்ப மேசையில கெடந்த அந்தச் சட்டப் புத்தகமெல்லாம்?” என்றான் நிலவழகன்.

“எதுக்கால உக்காந்திருந்தவரு வக்கீல் குமாஸ்தா. பேருகூட எனக்குத் தெரியாது.”

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி?”

“சொன்னா சிரிப்பீங்க.”

சிரித்தான்! உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், அப்பாடா இவ்வளவுதானா என்று, கிழிந்த தாள்களுக்கு நடுவில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தான். “இந்த வயசுல தவளையா!” என்று மச்சானின் தோளில் தட்டினான். ரெங்கசாமி சிரிக்கவில்லை. சுடர்விழி தாள்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை அவனே பைக்கில் அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போனான். புது நோட்டு, மூன்று பேனா, வழியில் நிறுத்தி மல்லிகைப்பூ வேறு. மூன்று நாளாக அவள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இவனாக நினைத்துக்கொண்டான். மாடி ஏறி, நான்தான் கொண்டுவந்து விடுகிறேன் என்று ஊருக்கே தெரிகிற மாதிரி அவள் பக்கத்தில் நின்றான்.

“வாம்மா. அந்த விலங்கியல் ரெண்டாம் பாகத்த எடுத்து வைக்கவா?” என்று கேட்டார் அஜீசா.

“ரெண்டு பாகமும் எடுத்து வைங்கக்கா. முதல்லேர்ந்து எழுதணும்.” பூவை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “கூட இன்னொன்னும் வேணும். விவாகரத்துக்கு எங்க மனுக் குடுக்கணும், என்னென்ன வேணும்னு பாக்கணும்.”

நிலவழகன் கையிலிருந்த பேனா ஒன்று கீழே விழுந்தது. அஜீசா அவனைப் பார்க்கவில்லை. ஏன் எதற்கு என்றும் கேட்கவில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“தமிழ்லயா, இங்கிலீஷ்லயாம்மா?”

“தமிழ்லயே குடுங்கக்கா,” என்றாள் சுடர்விழி. “அவரும் படிச்சுப் பாக்கணும்.”