அங்காரத் இளவரசியின் அத்தை மகன்

ஒரு ராஜ வம்சத்தின் விலை நாற்பது பவுண்டு. தபால் செலவு தனி. கார்டிஃபில் பழைய ஏடுகளைப் புரட்டும் ஒரு கிழவரிடமிருந்து எங்கள் சீஃப் இன்ஜினியர் கிரிஃபித் அதை வாங்கியிருந்தார். எண்ணூறு வருஷத்துக்கு முன் வேல்ஸ் நாட்டு அரசன் ஒருவனுக்குப் பிறந்த அங்காரத் என்ற இளவரசிக்கு இவர் இருபத்தாறாவது தலைமுறையாம். கொஞ்சம் பேரம் பேசியிருந்தால் கிழவர் ஆதாம் வரைக்கும் போயிருப்பார்.

மார்ச் முதல் தேதி வேல்ஸ்காரர்களுக்குப் பண்டிகை. விருந்தில் சுவரில் மாட்டுவதற்காக, வம்சாவளியைப் படமாக வரையும்படி டிராஃப்ட்ஸ்மேன் பத்மநாபனிடம் கொடுத்தார். பத்மநாபன் மாயவரத்துக்காரன், குவைத்தில் ஃபஹாஹீலில் என்னோடு ஒரே ரூம். தங்கை நளினியின் கல்யாணத்துக்கு அவன் கேட்ட நாற்பது நாள் லீவு கிரிஃபித்தின் மேஜையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. எனவே பைப்லைனை ஒதுக்கிவிட்டு ராஜாக்களை வரைந்தான்.

இரண்டாம் நாள் முகம் செத்து வந்தான்.

"தியாகு, அந்த அங்காரத் பொண்ணு சித்தப்பா பையனைக் கட்டியிருக்குடா."

"கட்டிட்டுப் போகட்டும். நீ மொய் எழுதணுமா?"

"அண்ணன் முறைடா. நாலு பேர் சாப்பிடற இடத்துல இதை மாட்டினா மனுஷன் மானம் என்ன ஆகும்?"

"இருக்கறதை வரைஞ்சு குடு. உன் லீவு அவர் கையில இருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

மாப்பிள்ளையின் அப்பாவை அரசனுக்குத் தம்பியாக்கியிருந்த இணைப்புக் கோட்டைச் சுரண்டி எடுத்தான். மாப்பிள்ளையின் அம்மாவை அரசனுக்குத் தங்கையாக்கினான். சித்தப்பா மகன் அத்தை மகனானான்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி கிரிஃபித் கூப்பிட்டனுப்பினார். ஸ்டோர் பில்லில் கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அரசனுடைய தம்பி எங்கே?" என்றார்.

ஆண் வழியில் அவர் அரச குலம் என்பது அந்தத் தம்பியை வைத்துத்தான். படத்தில் இப்போது அவன், அரசன் வீட்டில் பெண் எடுத்த யாரோ ஓர் ஆள்.

பத்மநாபன் படத்தைத் தொட்டுக் காட்டினான். "சார், எங்கள் பக்கம் சித்தப்பா மகன் கூடப் பிறந்தவன் மாதிரி. விருந்தில் யாரும் சிரிக்கக் கூடாதே என்று..."

"அத்தை மகன்?"

"அவனுக்குத்தான் சார் முதல் உரிமை. என் தங்கையே அத்தை மகனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள்."

கிரிஃபித் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் காலத்துச் சர்ச் சட்டப்படி இரண்டுமே பாவம். எங்கள் மாப்பிள்ளைக்குப் போப் அனுமதி கொடுத்ததாகக் கிழவர் எழுதியிருக்கிறார். உங்கள் மாப்பிள்ளைக்கு யார் கொடுப்பது?"

"போப் வேண்டாம் சார். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்."

கிரிஃபித் சிரிக்கவில்லை, பேனாவைத் திறந்தார். பேனா திறந்துவிட்டால் வியாபாரம் படிந்த மாதிரி. மிச்சம் கழிவுதான்.

கேட்டது நாற்பது நாள். தப்பாக வரைந்ததற்கு மூன்று, தம்பியைத் திரும்பக் கொண்டுவர இரண்டு. ஐந்து போக முப்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு அது போதும். மறுவீட்டு விருந்துக்கான ஐந்து நாள், வேல்ஸ் அரச குடும்பம் அவனுக்கு வைத்த பாக்கி.