கிரிபண்டா ராலாமியின் ரிவோல்வர்

“வாப்பா, இது யாரயாச்சும் கொன்னிருக்கா?”

ஏலத்தில் எடுத்த விளக்குப் பெட்டியின் அடியில் ரிவோல்வர் ஒன்று கிடந்ததைப் பார்த்து, நூரியா அன்று கேட்ட கேள்வி அது. ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது, பங்களாச் சாமான்களை ஏலம் போட்டிருந்தார்கள். மாவனல்லையில் கடை வைத்திருந்த முக்தார் விளக்குகளுக்காகத்தான் அந்தப் பெட்டியை எடுத்தார். கேட்டுச் சொல்வதாக மகளிடம் சொன்னார். பிடியில் பொலிஸ் இலக்கம் வெட்டியிருந்ததால், கையோடு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்.

அங்கிருந்த வயதான சார்ஜன்ட் இலக்கத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது நம்மட கிரிபண்டாட துவக்கு. கலவர வருஷம் காணாமப் போனது.”

முக்தாருக்குச் சுருக்கென்றது. பொலிஸ்காரர் என்பதால் ராலாமி என்று அழைக்கப்பட்ட கிரிபண்டா, தன் துவக்கை முஸ்லிம்களைத் தாக்கிய கலவரக்காரருக்கு விற்றுவிட்டார் என்றுதான் பஜார் பேசிக்கொண்டது. ஓடையில் விழுந்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. உத்தியோகத்தை விட்டு வயலோடு ஒதுங்கிய அந்த மனிதருக்கு அன்றிலிருந்து பஜாரில் எந்தக் கடையும் சாமான் கொடுத்ததில்லை. முக்தாரின் கடையும்தான்.

துவக்கை ஒப்படைத்துவிட்டு, அது பங்களாவுக்குப் போன கதையைக் கேட்க மறுநாளே பஸ் ஏறினார். பங்களாவில் சமையல் பார்த்த அருளப்பன் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மொதலாளி. வெளக்கு ஒழுகுதா? வித்த சாமானத் திருப்பி எடுக்கமாட்டோம்.”

“விளக்கு நல்லா எரியுது அண்ணே. அதுக்குக் கீழ ஒரு துவக்கு இருந்திச்சே, அது எப்படி வந்திச்சு?”

அருளப்பனின் சிரிப்பு அடங்கியது. “அது கிரிபண்டா ராலாமியோடதுங்க. கலவரத்தப்ப ஒங்க ஆளுங்க கொஞ்சப் பேர ஒளிச்சு வைக்க எங்க ஸ்டோருக்குக் கூட்டியாந்தாரு. ஓடையில இடுப்பளவு தண்ணி. வயசாளிங்க, பிள்ளைங்கன்னு ஒவ்வொருத்தரா முதுகுல தூக்கிக் கரையேத்துனாரு. அதுலதான் துவக்கு மாட்டியிருந்த பெல்ட்டு அறுந்து போச்சு. தேடுனோம், கெடைக்கல. கொஞ்ச வருஷங்கழிச்சு வறட்சியில மண்ணு விலகித் தெரிஞ்சுது. தொரை எடுத்துப் பெட்டியில போட்டுட்டாரு.”

“அவரப் பத்தி பஜார்ல என்ன பேசினாங்கன்னு தெரியுமா?”

“தெரியாதுங்களே. காப்பாத்தி விட்டவங்க எல்லாம் அப்பவே கொழும்புக்குப் போயிட்டாங்க. இங்க யாரு வந்து என்னக் கேட்டா?”

முக்தார் அவரையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். சார்ஜன்ட் துவக்கை மெல்லத் தட்டித் திறந்தார். குண்டுகள் எல்லாம் துருவோடு ஒட்டி அப்படியே இருந்தன. ஒன்றுகூட வெடித்திருக்கவில்லை. அன்று மாலை நூரியாவுக்குப் பதில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் ஊருக்கும் கிடைத்தது.

கடைக்காரர்கள் சேர்ந்து கிரிபண்டாவின் வீட்டுக்குப் போனார்கள். அவர் எல்லோருக்கும் குரும்பை வெட்டி இளநீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க முக்தார் வாயெடுத்தபோது, “கமக் நே, முதலாளி” என்றார். சிங்களத்தில் பரவாயில்லை என்று பொருள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் தலைக்கு மேலே கூரையில் வேய்ந்த இலுக்குப் புல் இற்றுப்போய், வெயில் பொட்டுப் பொட்டாக உள்ளே விழுந்தது.

அடுத்த பௌர்ணமிப் போயா நாளில் கிரிபண்டா வெள்ளை உடுத்துக் குடும்பத்தோடு புத்தரை வணங்கப் பன்சலைக்குப் போயிருந்தார். முக்தார் இலுக்குக் கட்டைத் தலையில் சுமந்து வந்து கூரையேறினார். தராசு பிடித்தே பழகிய கை, கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. ஆனாலும் மழை இறங்காது. உதிர்ந்த புல்லை முற்றத்திலிருந்து கூட்டி அள்ளிக்கொண்டு, வந்த வழியே நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் போனார்.