மூன்று விரல்களும் வியாழக்கிழமைகளும்

கண்ணாடி வெட்டுகிறவரின் மணிக்கட்டைக் கண்ணாடியே வெட்டி ஒன்பது மாதம் ஆகிறது. அறுந்த நரம்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதில் அவருடைய தொப்பைக் கொழுப்பிலிருந்தே பிரித்தெடுத்த ஸ்டெம் செல்களை நிரப்பித் தைத்திருந்தார்கள்; இன்னும் சோதனையில் இருக்கிற புது வைத்தியம். "குறைங்க, குறைங்க" என்று மனைவி இருந்தவரை உயிரை வாங்கிய தொப்பை. அதுவும் ஒருநாள் உத்தியோகம் பார்க்கும் என்று இனி அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

அன்றிலிருந்து வியாழன்தோறும் ஆஸ்பத்திரி. தெரபிஸ்ட் பெண் அவர் கையைத் தலையணைமேல் கிடத்தி, மரத்துப்போன மூன்று விரல்களையும் அரை மணி நேரம் நீவிவிடுவாள். பிறகு உணர்ச்சி திரும்பியிருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பாள். வாரத்தில் அவரோடு பேசுகிற மனுஷி அவள் ஒருத்திதான். மற்ற நாளெல்லாம் டிவி பேசும், லிப்ட் பேசும்.

போன மாதமே அவள் சொல்லிவிட்டாள்: உணர்ச்சி திரும்பியவர்கள் இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். திரும்பாதவர்களுக்கு வியாழக்கிழமை தொடரும்.

சிக்கல் என்னவென்றால், அவருக்கு உணர்ச்சி திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"கண்ண மூடிக்கோங்கண்ணே. தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க."

மூடிக்கொண்டார். கட்டைவிரல் நுனியில் லேசாக ஒரு குத்தல்.

"இல்லம்மா," என்றார் சோகமாக.

சுட்டுவிரலில் ஒன்று.

"இல்ல."

நீண்ட இடைவெளி. அவரும் பேசாமல் இருந்தார். அப்புறம் நடுவிரல்.

"ம்ஹூம். இல்லவே இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். "அண்ணே, உங்க கண்ணு மூடியிருக்கு. நான் வாயே தொறக்கல. தொட்டப்பல்லாம் கரெக்டா 'இல்ல'ங்கறீங்க, தொடாதப்ப கம்முனு இருக்கீங்க. அது எப்படிண்ணே?"

கண்ணைத் திறந்தார். நாற்பது வருஷம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டியவருக்கு ஒரு பொய்யை நேராக வெட்டத் தெரியவில்லை.

"ஏண்ணே மறைச்சீங்க?"

"இங்க ஏசி நல்லாருக்கும்மா."

அவள் சிரிப்பு அடங்கியது. பேனாவைத் திறந்தாள்.

"பொய்யா எழுதினா, பின்னாடி இந்த வைத்தியத்துக்கு வர்றவங்களுக்குத்தான்ணே கஷ்டம்."

"தெரியும்மா. எழுது."

எழுதினாள். அடுத்த வருஷத்துக்கு ஒரு தேதி கொடுத்தாள்.

படியிறங்கும்போது, குணமான வலது கையால் கைப்பிடியைப் பிடித்தார். இரும்பு சில்லென்றிருந்தது. பெயிண்ட் உரிந்த இடம் சொரசொரத்தது. அடியில் எவனோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம், இன்னும் காயக்கூட இல்லை.

"கருமம்டா!" என்று சிரித்தபடி, இதைச் சொல்வதற்காகத் திரும்பினார்.

படியில் யாரும் இல்லை.