பாதி டிக்கெட்

"என் தலை சின்னதுதானே மாமா, எனக்கும் பெரியவங்க அளவுதான் கதிர் விடுவீங்களா?"

ஸ்கேன் படுக்கையில் கிடந்து கேட்ட சிறுமிக்கு அப்போது ஐந்து வயது. தலையில் நீர் கோத்ததால் அதை வடிக்க உள்ளே குழாய் வைத்திருந்தார்கள். ஸ்கேன் எடுப்பவர் சிரித்தார். "உனக்குப் பாதி டிக்கெட்தான், கண்ணு."

அது பொய் என்று அவருக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பல மருத்துவமனைகளின் கதிரளவுகளைத் திரட்டி, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு குறிப்பளவு வகுத்திருந்தார்கள். அது எல்லைக்கோடு அல்ல. நம் வழக்கமான அளவு அதைத் தாண்டினால், ஏன் என்று பார்க்கச் சொல்லும் மணி. அவருடைய ஸ்கேன் துறையில் யாரும் அதோடு ஒப்பிட்டதில்லை. முதல்முறையாக அவர் முப்பது குழந்தைகளின் அளவுகளை வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற எண், குறிப்பளவைப் போல் இரண்டு மடங்கு.

எண்கள் ஏறிய நாளைத் தேடிப் பிடித்தார். சிறுமி கேட்டதற்கு ஒரு வாரம் முன்பு. படம் மங்கல் என்று பெரிய டாக்டர் கடிந்துகொள்ள, துள்ளிய ஒரு பையனுக்காகக் கதிரளவைக் கூட்டியது அவரேதான்; அவசரத்தில் அதையே குழந்தைகளுக்கான அளவாகச் சேமித்துவிட்டார். அதன்பின் படங்கள் அழகாக வந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

"உன்னை யாருய்யா தோண்டச் சொன்னது? படம்தான் பளிச்சுனு இருக்கே," என்றார் டாக்டர்.

"அதான் சார் வினையே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பழைய அளவுக்கு மாத்து. குழந்தைங்க வீட்டுக்காரங்க கிட்ட நீயே சொல்லிடு."

மறுநாள் காலை மயக்கத்தில் வந்த அதே சிறுமிக்கு, அன்று கேட்டதிலிருந்து அது ஏழாவது ஸ்கேன். நடைவழியில் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இவளுக்கு ஏதாச்சும் வருமா?"

"பெரும்பாலும் வராதும்மா. வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது."

அம்மா கத்தவில்லை. "ஆறு தடவையும் அசையாதேன்னு நான்தானே பிடிச்சுக்கிட்டு நின்னேன்." பிறகு, "இப்போ எடுக்கலைன்னா?"

"குழாய் அடைச்சிருந்தா உயிருக்கே ஆபத்தும்மா."

"எடுங்க." இந்த முறை அம்மா உள்ளே வரவில்லை.

அவர் பழைய அளவை வைத்து, கடவுளை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் குழாயின் முனை தெரிந்தது; அது போதும்.

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சிறுமி கண்மூடிக் கிடந்தாள். இப்பால் அவரைத் தவிர யாருமில்லை. அவளுடைய பதிவேட்டில் பழைய ஆறு எண்களையும், தவறு தன்னுடையது என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே ஏழாவது எண்ணை எழுதினார்.

அது பாதியைவிடக் கொஞ்சம் குறைவு.