ராகுகாலம் தின்ற தேதி

“தேதியை யார் நகர்த்தினா? நீ நகர்த்தலைன்னா அதுக்கென்ன கால் முளைச்சுதா?” என்று வேதாந்தம் போட்ட சத்தம், திருச்சி கே.கே. நகர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி எதிர் ஜூஸ் கடை வரை கேட்டது.

“நான் தொடவே இல்ல சார். தினம் காலைல திறந்தா அதுவா ஒரு நாள் தள்ளிப் போயிருக்கு,” என்றாள் ரஞ்சனி. அவள் குரலும் ஒன்றும் சன்னமாக இல்லை.

“அதுவா! கார்த்திகைக்குள்ள கிரகப்பிரவேசம்னு, கீழ் ஃப்ளாட் வாங்கியிருக்கற வத்ஸலா மாமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். உன் ஷெட்யூல் என்னை மார்கழில கொண்டு நிறுத்தறது. மார்கழில யாராவது பால் காய்ச்சுவாளா? தேதியைப் பழைய இடத்துக்குக் கொண்டு வா. இல்லேன்னா மருங்காபுரிக்கே போய்க் கடலை பிடுங்கு!”

ஸ்ரீரங்கத்தில் வேதாந்தம் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்கு ஷெட்யூல் போடுவது ரஞ்சனியின் வேலை. எதற்குப் பின் எது, எதற்கு எவ்வளவு நேரம் என்று ஏற்றினால், வீடு முடியும் தேதியைக் கம்ப்யூட்டரே சொல்லும். இந்த வேலை போனால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே அத்தை மகன் ரஞ்சித் கல்யாணப் பந்தலுக்கே ஆள் பார்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

தேதி ஏன் நகர்கிறது என்பதற்கு ஸ்ரீரங்கத்துச் சந்தில் ஏற்கெனவே பதில் இருந்தது. அந்த மனையில் இருந்த பழைய வீட்டுக் கிணற்றில் அமிர்தம் என்ற மருமகள் செத்துப்போனாள். குதித்தாள் என்பார்கள், தள்ளினார்கள் என்பார்கள். இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான். கிணற்றை மூடி அதன் தலைமேல் பூஜையறை கட்டினால் அவள் சும்மா இருப்பாளா?

ரஞ்சனிக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஷெட்யூலை வரி வரியாகப் பார்த்தாள். அவள் ஏற்றிய வேலைகள் நாள் கணக்கில் இருந்தன. வேதாந்தத்தின் மகன், சைட் இன்ஜினியர் லக்ஷ்மிகாந்த் ஏற்றியவை மணிக் கணக்கில். ஒரு நாள் என்றால் எட்டு மணி நேர வேலை என்பது கம்ப்யூட்டரின் கணக்கு. ஆனால் ராகுகாலத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூடாது என்று ஊர் சொன்னால், நடக்கிற வேலையையும் நிறுத்துகிற பக்தி வேதாந்தத்துடையது. அவர் சொல்லித்தான் வேலை நேரத்திலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரத்தை வெட்டியிருந்தார்கள். ஒரு நாள் என்று அவள் எழுதியதெல்லாம் அன்றைக்குள் அடங்காமல் மறுநாள் காலையில் வழிந்து, அடுத்த வேலையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும், நாளுக்கு ஆறரை மணி என்று, மணிக் கணக்குக்கு மாற்றினாள். தேதி சமர்த்தாகக் கார்த்திகைக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று வேதாந்தம் அவளுக்கு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் கையால் காபி வாங்கியவர்களை எண்ணிவிடலாம்.

மறுநாள் காலை தேதி ஒரு நாள் தள்ளியிருந்தது.

இந்த முறை நகர்ந்தது ஒரே வரி: கிணற்றில் மணல் நிரப்புதல். மிச்சம், ஒன்றரை மணி நேரம். அவள் பூஜ்யம் போட்டாள். அதற்கடுத்த காலை மறுபடியும் ஒன்றரை மணி நேரம்.

வெள்ளிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனாள். ராகுகாலம். ஆட்கள் எல்லாரும் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். கீழ்த்தளத்தில் அவள் ஒருத்திதான். கிணற்றின் வாய் வரை மணல் நிரம்பி, நீர் தெளித்து, மட்டம் தட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு குழி விழுந்தது. யாரோ அடியில் உட்கார்ந்து மூச்சை உள்ளே இழுப்பதுபோல, சத்தமே இல்லாமல், மணல் சுற்றிச் சுற்றி இறங்கியது.

“பாத்துட்டீங்களா மேடம்?” பின்னால் கொத்தனார் செல்லக்கண்ணு நின்றிருந்தார். “தினம் இதே கூத்துதான். மறுபடி கொட்டி நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஆகுது. அதைத்தான் ஃபோன்ல மிச்சம்னு போடுறேன், அது உங்க கம்ப்யூட்டர்ல ஏறிடுது.”

“எப்பவும் இந்த நேரத்துலயாங்க?”

“செவ்வாக்கிழமைன்னா சாயங்காலம், புதன்னா உச்சி வேளை. பஞ்சாங்கம் பாத்துத்தான் இறங்குது.” சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

அலுவலகத்தில் வேதாந்தம் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “அந்த வரியை அழிச்சுடு,” என்றார்.

“அழிச்சா மணல் இறங்காம இருக்குமா சார்? மேல ஒரு குடும்பம் இருக்கப் போகுது. அடியில என்ன இருக்குன்னு தோண்டிப் பாத்துட்டு மூடுங்க. தை மாசம் கிரகப்பிரவேசம் வச்சா என்ன?”

“வாக்கு குடுத்தது நானா, நீயா? அழி.”

“நான் அழிக்க மாட்டேன்.”

“அப்போ எழுந்துக்கோ.”

ரஞ்சனி லக்ஷ்மிகாந்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லுவான் என்று நினைத்தாள். அவள் அப்படி நினைக்கும் அளவுக்கு இருவரும் மலைக்கோட்டைப் பக்கம் சேர்ந்து சுற்றியதுண்டு. அவனோ, “அப்பா சொன்னா கேளேன், ரஞ்சனி,” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தான். வரி போய்விட்டது. தேதி அதற்குப் பிறகு ஒரு அங்குலம்கூட அசையவில்லை.

கார்த்திகையில் ஜாம்ஜாமென்று பால் பொங்கியது. தை பிறப்பதற்குள் பூஜையறைத் தரை நடுவில் குழிந்தது. விளக்கு சாய்ந்தது, நிமிர்த்தினார்கள். மறுநாள் வேறொரு நேரத்தில் சாய்ந்தது. காதைத் தரையில் வைத்தால் மணல் ஓடும் சத்தம் கேட்கிறது என்று வத்ஸலா மாமி சொல்ல ஆரம்பித்தபோது, மாமிக்கு வயசாகிவிட்டது என்றார் வேதாந்தம்.

மாமி இப்போது புனேவில், மகள் ஜாஹ்னவியோடு. மூட்டு வலிக்கு ஸ்ரீரங்கத்து ஈரம் ஆகவில்லையாம். செல்லக்கண்ணு கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். லக்ஷ்மிகாந்துக்கு மூன்று வரன்கள் வந்து, பெண் வீட்டார் அந்த அடுக்குமாடியைப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. ரஞ்சனியை வைகாசியில் ரஞ்சித்துக்கே கட்டிவைத்தார்கள், மணப்பாறையில் குடித்தனம். முகூர்த்தத்துக்கு லக்ஷ்மிகாந்த் வந்திருந்தான். பந்தியில் உட்காராமலே திரும்பிப் போனான்.