வரியில் உள்ளது மட்டும்

தேர்வு முடிந்த மறுநொடியே கணினித் திரையில் மதிப்பெண் வந்துவிட்டது. எண்ணூற்றுக்கு ஐந்நூற்று நாற்பது. கத்தரி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பக்கத்து இருக்கையில் இன்னும் எழுதிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விரல்களுக்கு ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுத்தபடி, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இவன்கூடத் தன்னைவிட அதிகம் வாங்கிவிடலாம் என்று தோன்றியதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்வைத்திருந்த மேலாண்மைக் கல்லூரிகளில் எழுநூறுக்குக் கீழே வாங்கியவர்களின் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கத்தரி என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனமொன்றில், இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் பரிசீலிக்கும் பிரிவில் எட்டு வருடமாக இருந்தாள். ஒரு மனு அவள் மேசைக்கு வந்தால் எங்காவது ஓரிடத்தில் வெட்டு விழாமல் திரும்பாது. வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர் என்று ஒருவர் எழுதியிருப்பார். அந்தக் குழாய் மூன்று மாதமாகக் கசிந்துகொண்டுதான் இருந்தது என்பதைப் புகைப்படத்தில் சுவர்ப் பூசணம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவாள். மனிதர்கள் எழுதியதை எழுதியபடி நம்பக் கூடாது என்பதுதான் அவள் தொழில். வருடங்கள் போகப் போக அதுவே குணமும் ஆயிற்று.

எம்.பி.ஏ. படித்தே தீர வேண்டும் என்ற அறிவுத் தாகம் எதுவும் அவளுக்கு இல்லை. பிரிவுக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். அவளைவிட நான்கு வயது இளையவர். வந்த முதல் வாரம் ஒரு தீ விபத்து மனுவை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, இதில் தீ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளிடமே கேட்டவர். ஆனால் கூட்டம் என்று வந்துவிட்டால் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டமும் இரண்டு அம்புக்குறியும் போடுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். எட்டு வருடமாக அவள் எதிர்பார்த்திருந்த நாற்காலியில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது பெயருக்குப் பின்னால் இருந்த மூன்றெழுத்து. இந்த மரமண்டைக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காதா என்றுதான் தேர்வுக்குப் பணம் கட்டினாள். படிக்கவெல்லாம் இல்லை. மரமண்டைகள் தேறும் தேர்வுக்கு எதற்குப் படிப்பு?

ஐந்நூற்று நாற்பது என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. அம்மாவின் வேலை. அக்காவின் கணவர் ஆறுதல் சொல்லப் புறப்பட்டு வந்தார். அவரும் எம்.பி.ஏ. தண்ணீர் வடிகட்டி விற்கும் நிறுவனமொன்றில் துணைத் தலைவர். அங்கே துணைத் தலைவர்கள் முப்பத்தொரு பேர். தலைவரின் ஓட்டுநரைத் தவிர மற்ற எல்லோருமே துணைத் தலைவர்தான் என்று அக்காவே ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள்.

அவர் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். எங்கே போனாலும் நடுவில்தான் உட்காருவார்.

"உனக்குக் கணக்குதாம்மா வீக்கு. பொண்ணுங்களுக்கு அது அப்படித்தான். நான் எழுதினப்ப கணக்குல ஒண்ணுகூடத் தப்பில்ல. முதல் தடவையே எழுநூத்தி நாப்பது."

கணக்கில் தனக்கு நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது, வாசிப்புப் பகுதியில்தான் குறைந்துவிட்டது என்று கத்தரி விவரத் தாளைக் காட்டினாள். அவர் அதை வாங்கி, பார்க்காமலே மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தன் நண்பர் ஒருவர் பயிற்சி மையம் நடத்துகிறார், அங்கே போனால் கணக்கைச் சரிசெய்துவிடலாம் என்றார். அம்மா நன்றியோடு தலையாட்டினாள். கூட வந்திருந்த அக்கா சிந்திய தேநீரைத் துடைத்தாள். அவள் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். நாள் முழுக்க மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்துவிட்டு வந்து வீட்டில் வாய்திறக்காமல் இருப்பவள். அந்தப் பொறுமையின் மேலும் கத்தரிக்குப் பெரிய மரியாதை கிடையாது.

பயிற்சி மையம் மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க வகுப்பின் ஓரத்தில் ஒரு வாளி. நடத்துபவரை எல்லோரும் ஜெனரல் என்று அழைத்தார்கள். அவரே அப்படி அழைக்கச் சொன்னதாகக் கேள்வி. முதல் நாள் முக்கால் மணி நேரம் சிங்கத்தின் படங்களாகக் காட்டினார். பிறகு அறுபது பேரும் ஒவ்வொருவராக எழுந்து, வாங்கப்போகும் மதிப்பெண்ணைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஒருத்தன் எண்ணூற்றைம்பது என்று கத்தினான். எண்ணூறுக்கு மேல் மதிப்பெண்ணே இல்லை என்று அங்கே யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கைதட்டினார்கள். கத்தரியின் முறை வந்தபோது, கடையில் பேனா கேட்கும் குரலில் எழுநூறு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஜெனரலிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஐந்து விடைகளில் எது என்று தெரியாவிட்டால் நீளமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேள்வி தயாரிப்பவர்கள் சரியான விடையைச் சுருக்கமாக எழுதப் பயப்படுவார்கள். அறுபது பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். கத்தரி வீட்டுக்குப் போய்ப் பழைய வினாத்தாள்களில் நூறு கேள்விகளை எடுத்துச் சரிபார்த்தாள். நீளமான விடை சரியாக இருந்தது பத்தொன்பது இடங்களில். கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மூன்றாவது வாரம் அந்தத் தாளை வகுப்பில் எழுந்து வாசித்தாள். ஜெனரல் புன்னகை மாறாமல், இதற்குப் பெயர்தான் நெகட்டிவ் எனர்ஜி, கொஞ்ச நாள் பின்வரிசையில் உட்காருங்கள் என்றார். அவள் பின்வரிசை வரை போனாள். அதையும் தாண்டி, கதவைத் திறந்து, படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நண்பரின் வகுப்பை விட்டது அக்காவின் கணவருக்கு அவமானமாகப் போயிற்று. இருந்தாலும் பெருந்தன்மையை விடவில்லை. தான் படித்துத் தேறிய பழைய பயிற்சிப் புத்தகத்தை பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்துவந்து, இதில் ஆயிரத்து இருநூறு கேள்வி இருக்கிறது, அத்தனையும் போட்டிருக்கிறேன், ஒன்றுகூடத் தப்பில்லை, என் வழியைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று கொடுத்தார். கத்தரி வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணாலேயே மிரட்டினாள்.

மறுநாள் மதியம் அலுவலகத்தின் ஆவண அறையில், இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவே சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு அதைத் திறந்தாள். உண்மைதான். எல்லாக் கேள்விக்கும் சரியான விடையில் பென்சில் டிக். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே பென்சில், ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. அரைப்பக்கம் கணக்குப் போட்டால்தான் விடை வரக்கூடிய கேள்விகளுக்குப் பக்கத்தில்கூட ஓரத்தில் ஓர் எண் கிறுக்கப்படவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் கேள்விக்குப் புத்தகத்தின் விடைப் பட்டியலிலேயே அச்சுப்பிழை இருந்தது. அக்காவின் கணவர் அந்தப் பிழையான விடைக்குத்தான் அழகாக டிக் போட்டிருந்தார்.

எட்டு வருடத்தில் எத்தனையோ கள்ள மனுக்களைப் பிடித்திருக்கிறாள். இவ்வளவு ருசியானது ஒன்றும் அகப்பட்டதில்லை. அந்த வாரம் முழுக்க அவள் நடையே மாறியிருந்தது.

ஆனால் புத்தகம் நல்ல புத்தகம். இரண்டு மதிய வேளைகள் உட்கார்ந்து வாசிப்புப் பகுதியில் இருந்த டிக்குகளை ரப்பரால் அழித்துவிட்டு, தானே அறுபது கேள்விகளுக்கு விடை குறித்தாள். இருபத்திரண்டு தப்பு. அத்தனை தப்பையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, மனுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

தொழிலாளர்களுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டியதால் உற்பத்தி பெருகியது என்று ஒரு பத்தியில் ஓர் ஆலை முதலாளி எழுதியிருந்தார். ஆசிரியரின் கருத்துப்படி உற்பத்தி ஏன் பெருகியது என்பது கேள்வி. ஓய்வு என்பது விடை. புது இயந்திரம் வாங்கியதை அவர் மறைக்கிறார் என்ற பொருள்பட இருந்த விடையை அவள் குறித்திருந்தாள். புது இயந்திரம் என்ற பேச்சே அந்தப் பத்தியில் இல்லை. தேனீக்களைப் பற்றிய பத்தியிலும் அப்படி. கடல் அரிப்பைப் பற்றியதிலும் அப்படி. இருபத்திரண்டில் பதினேழு இதே ரகம். எழுதியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டால், அவர் எதை மறைக்கிறார் என்று பதில் எழுதிவந்திருக்கிறாள்.

சாப்பாடு ஆறிப்போயிற்று. அக்காவின் கணவர் விடையைப் பார்த்து எழுதினார். இவளோ கேள்வியைப் பார்க்காமல் எழுதியிருக்கிறாள். இரண்டில் எது மட்டம் என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க, இத்தனை நாள் ஊரெல்லாம் வாரியிறைத்த ஏளனம் மொத்தமும் திரும்பி வந்து தன் தலையிலேயே கொட்டுவதுபோல இருந்தது.

நான்கு மாதம் ஆவண அறையே அவளுக்குப் பள்ளிக்கூடம். தினமும் மூன்று பத்திகள். விடையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதற்கு ஆதாரமான வரியின் மேல் விரலை வைக்க வேண்டும். விரல் வைக்க வரி இல்லையென்றால் அந்த விடையை அடித்துவிட வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல விரலை ஊன்றிப் படிக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. முட்டாள்தனமான பத்திகள். தன்னையே புகழ்ந்துகொள்ளும் ஆசிரியர்கள். அவர்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளும்போது மிளகாயைக் கடித்ததுபோல முகம் போகும். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். இருபத்திரண்டு பதினைந்தாகி, ஒன்பதாகி, நான்கில் வந்து நின்றது.

அந்தப் பழக்கம் மேசைக்கும் தொற்றியது. குளிர்பெட்டி பழுதானதாக ஒரு விதவை எழுதிய மனுவை வெட்டப்போனவள், வரி வரியாகப் படித்தாள். நேரில் போயும் விசாரித்தாள். எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. அது அவளை இரண்டு நாள் தொந்தரவு செய்தது. மேலாளர் மட்டும் மகிழ்ந்துபோய், வாடிக்கையாளரை மையத்தில் வைப்பது என்றால் இதுதான் என்று பலகையில் ஒரு வட்டம் போட்டார்.

இரண்டாம் முறை அதே தேர்வு மையம். ஐந்தாவது பத்தி, ஒரு நிறுவனத் தலைவர் தன் தொலைநோக்கைப் பற்றித் தானே எழுதியது. கத்தரியின் உடம்பெல்லாம் அரித்தது. திரையிலேயே விரலை வைத்தாள். திரையைத் தொடக் கூடாது என்று மேற்பார்வையாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாலேயே வரியை அழுத்திப் பிடித்துப் படித்தாள்.

எழுநூற்று இருபது.

அந்த ஞாயிறும் அக்காவின் கணவர் சோபாவின் நடுவில் இருந்தார்.

"நான் குடுத்த புத்தகம்மா அது. சும்மாவா?"

"ஆமா மாமா. அந்தப் புத்தகத்துலதான் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் கத்தரி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பத்து நாள் கழித்து மெத்தைக் கடை வாசலில் அவள் முகம் தொங்கியது. ஆறடி உயர பேனர். பயிற்சி மையத்தில் சேர்ந்த அன்று அடையாள அட்டைக்காக எடுத்த படம். குளித்துவிட்டுப் பாதி உலர்ந்த தலையோடு முறைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் மாணவி, 720 என்று கீழே எழுதியிருந்தது. மூன்று மாடியும் நிற்காமல் ஏறினாள்.

ஜெனரல் எழுந்து வந்து வரவேற்றார். "இதுல என்னங்க பொய் இருக்கு? நீங்க நம்ம மாணவிதானே? எழுநூத்தி இருபதுதானே?"

"பொய் இல்ல சார். அதான் அசிங்கமா இருக்கு."

அதற்குமேல் அவரோடு பேசுவது வீண் என்று இறங்கிவந்தாள். எட்டு வருடம் மறுப்புக் கடிதம் எழுதிய கை. அனுமதியில்லாமல் படத்தைப் பயன்படுத்தியது பற்றி ஒரே பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பேனர் நான்காம் நாள் இறங்கியது. அந்த இடத்தில் சிங்கம் ஏறியது.

கல்லூரியில் இடம் கிடைத்து, வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்த வாரம், அக்கா மருந்துக் கடையிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தாள். இதற்குமுன் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. வரவேற்பறை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினாலாம் தேதி காலைல எனக்குப் பரீட்சை. நீ கூட வரணும். வீட்ல பல் டாக்டர்னு சொல்லியிருக்கேன்."

என்ன பரீட்சை என்று கத்தரி கேட்கவில்லை. புரிந்துவிட்டது. இந்த வயதிலா, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டா, மாமா சிரிப்பாரே என்று மூன்று வாக்கியங்கள் நாக்கு நுனி வரை வந்தன. அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றையும் விழுங்கிவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

பதினாலாம் தேதி தேர்வு மையத்தின் கூடத்தில் கத்தரி மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தன் தேர்வில்கூட இத்தனை முறை கடிகாரத்தைப் பார்த்ததில்லை. பதினொன்றரைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். கையில் அச்சிட்ட தாள். அறுநூற்றுப் பத்து.

முதல் தடவைக்கு இது தன்னுடையதைவிட எழுபது அதிகம் என்பது மட்டும் கத்தரியின் மனதில் ஓடியது. அக்கா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தால், சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பல் டாக்டர்கிட்ட வந்து அறுநூத்திப் பத்து வாங்கியிருக்கேன்டி" என்றவள், தாகமாக இருக்கிறது என்றாள். தண்ணீர் குடித்தாள். பிறகு வரவேற்பு மேசைக்குப் போய், அடுத்த தேர்வு எந்தத் தேதியில் என்று விசாரித்தாள்.