ஐந்து லட்சத்துக்கு மேல்

அந்த வாஷிங் மெஷின் மெக்கானிக்குக் கைவசம் ஒரு தீர்ப்பு உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் மெஷினைத் திறந்து, முகத்தைச் சுளித்து, மூடும்போது சொல்லிவிடுவார்: "மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. யூஸ் பண்ற விதத்துலதான் இருக்கு." பாதி நேரம் அது உண்மை. மீதிப் பாதி நேரம் அவருக்குப் பழுது பிடிபடவில்லை என்று அர்த்தம். இருபது வருடமாக ஊராரிடம் சொல்லித் தப்பித்தவர், கட்டிய மனைவியிடம் அதைச் சொல்லப்போய்த்தான் வினையாகிவிட்டது.

விஷயம் ஒரு பின்பால் மெஷின். வீட்டைக் காலி செய்துகொண்டு போன வாடிக்கையாளர் ஒருவர், "மாடியிலேர்ந்து இறக்க ஆள் இல்ல, நீங்களே எடுத்துக்கோங்க" என்று அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. நான்கு கால்மேல் சாய்ந்த கண்ணாடிப் பெட்டி, அதற்குள் விளக்கும் வளையமும் மணியுமாக ஆட்டப் பலகை, தலைமாட்டில் புள்ளிகளைக் காட்டும் மேல்பெட்டி. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பலகையின் அடியில் இருக்கும் இரண்டு ஃபிளிப்பர்களும் படக்கென்று நிமிர்ந்து, உருண்டு வரும் இரும்புக் குண்டை மறுபடி மேலே விரட்டும். கோட்டை விட்டால் குண்டு குழிக்குள் போய்விடும். அவ்வளவுதான் ஆட்டம். சாப்பாட்டு மேசையைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டு இதை ஹாலில் நிறுத்தியபோது, "இது எதுக்குங்க நமக்கு?" என்று கேட்டவள் அவர் மனைவிதான். ஒரே வாரத்தில் மெஷினை விட்டு நகராதவளும் அவளேதான்.

அவளுக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. நாள் முழுக்கக் கடிதங்களை முகவரி பார்த்து அந்தந்த அறைக்குள் வீசுகிற கை. கண்ணுக்கு முந்தி கை போகும். ஆனால் குடும்பத்தில் அந்தக் கைக்கு நல்ல பெயர் கிடையாது. கல்யாணமான புதிதில் நாத்தனார் வீட்டு மிக்சி மூடி ஒன்றை உடைத்துவிட்டாள். அடுத்த மாதமே அதே வீட்டுக் குடை ஒன்று அவள் கையில் கம்பி கழன்றது. அன்றிலிருந்து "அவ கை பட்டா எதுவும் தங்காது" என்பது நாத்தனாருக்கு வாய்ப்பாடாகிவிட்டது. யார் வீட்டில் எது உடைந்தாலும் எல்லோரும் சிரித்துக்கொண்டே அவளைத்தான் பார்ப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு நாள் பேச்சு குறைந்துவிடும்.

இப்போது இந்த மெஷின். ஆட்டம் சூடு பிடிக்கும்போது பார்த்து இரண்டு ஃபிளிப்பரும் செத்துவிடும். விளக்கெல்லாம் ஜோராக எரியும், பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அசைவு இருக்காது, குண்டு கேட்பாரில்லாமல் குழிக்குள் இறங்கிவிடும். ஸ்விட்சை அணைத்துத் திறந்தால் ஃபியூஸ் போயிருக்கும். அணைத்ததில் அவள் எடுத்த புள்ளிகளும் அழிந்திருக்கும். மெக்கானிக் புது ஃபியூஸ் போட்டு, தானே இருபது ஆட்டம் ஆடிப் பார்ப்பார். மெஷின் சமர்த்தாக இருக்கும். அவள் வந்து நின்றால் இரண்டு மூன்று நாளில் மறுபடியும் போய்விடும். இப்படி அவர் அறிய நான்கு தடவை. "ஜெயிக்கிற நேரம் பாத்துப் போயிடுதுங்க" என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோற்றவர்கள் எல்லாரும் சொல்வதுதானே. நான்காவது தடவை தீர்ப்பை வாசித்துவிட்டார்: "மெஷின்ல ஒண்ணும் இல்ல. நீ போட்டு அடிக்கிற. யூஸ் பண்ற விதத்துலதான் இருக்கு."

அதோடு வாயை மூடியிருக்கலாம். மனுஷன் போனில் அந்த நாத்தனாரிடமும், அதாவது தன் அக்காவிடமும், அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

"எங்க வீட்டுக்குக் குடுத்துடுடா தம்பி. இங்க யாரும் உடைக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அத்தானோட வேன் எடுத்துட்டு வரேன்" என்றாள் அக்கா.

அக்காவிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர், "சரிக்கா" என்றுவிட்டார். மனைவி துணி மடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லதுதான். இனிமே நான் அதத் தொடல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் ஐந்து நாள் அவருக்கு வீடு வீடாகவே இல்லை. வேலை முடிந்து வந்தால் ஹாலில் மணிச்சத்தம் இல்லை. குண்டு நழுவும்போது "அடப் பாவி, எங்க போற நீ" என்று அவள் அதோடு சண்டை போடும் சத்தமும் இல்லை. மெஷின் போவதில் அவருக்கு ஒன்றும் பெரிய வருத்தம் கிடையாது. அது அவள் பெயரில் இன்னொரு பழியை ஏற்றிக்கொண்டு போகப்போகிறதே என்பதுதான் உறுத்தியது. பழியை ஏற்றி அனுப்புகிறவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கண்ணாடியைக் கழற்றி, ஆட்டப் பலகையைத் தூக்கி முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அடியில் கலர் கலராக வயர்கள், வரிசையாகக் காயில்கள். ஒவ்வொரு காயிலும் ஒரு கம்பிச் சுருள்தான். மின்சாரம் பாய்ந்தால் நடுவில் இருக்கும் இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுத்துத் தள்ளும். ஒன்று விடாமல் மீட்டர் வைத்தார். எல்லாம் சரியாகக் காட்டின. வயர்க் கற்றையை ஆட்டினார், நெளித்தார், மோந்துகூடப் பார்த்தார். ஒன்றுமில்லை. எல்லாக் காயிலையும் தானாக ஓட்டிப் பார்க்க ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அது எந்தக் காலத்திலோ உடைந்து போயிருந்தது.

கடைசியில் பலகையை இறக்கிவிட்டு, ஓர் ஆட்டத்தைத் தொடங்கி, அவள் மேல் சொன்ன குற்றத்தைத் தானே செய்து பார்த்தார். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். மெஷின் உடனே "டில்ட்" என்று பளிச்சிட்டு ஆட்டத்தை முடித்துவிட்டது. முரட்டுத்தனமாக ஆட்டுகிறவர்களைப் பிடிக்க அதற்குள்ளேயே ஒரு தொங்கு குண்டு இருக்கிறது. ஃபியூஸ் அப்படியே இருந்தது. மறுபடி அறைந்தார், இடுப்பால் இடித்தார், முழங்காலால் முட்டினார். கை சிவந்ததுதான் மிச்சம். அவள் அடித்திருந்தால் மெஷினே காட்டிக்கொடுத்திருக்கும். யோசித்துப் பார்த்தால், அவள் ஆடும்போது "டில்ட்" வந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

மெக்கானிக் சிவந்த கையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு படுக்கையறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளிடம் போனார்.

"ஏம்மா, அது நிக்கிறதுக்கு முன்னாடி என்னதான் நடந்துச்சு?"

"இதக் கேக்க உங்களுக்கு இத்தன நாளாச்சா?"

"சரி, சொல்லேன்."

"அஞ்சு லட்சம் தாண்டினேன். தாண்டின உடனே ஃபிளிப்பர் செத்துடுச்சு."

"எந்தத் தடவ?"

"எல்லாத் தடவையும்தான்."

மெக்கானிக் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருடைய அதிகபட்சப் புள்ளி ஒரு லட்சத்து எண்பதாயிரம். அன்றைக்கு இரண்டு பேருக்குப் போன் போட்டு வேறு சொல்லியிருந்தார்.

"அஞ்சு லட்சம் தாண்டினா ஒரு ஆட்டம் இலவசம்னு அட்டையில போட்டிருக்கே, படிக்கலையா நீங்க?" என்றாள்.

"படிச்சேன். எனக்குத் தேவைப்படல."

அவள் சட்டைக் காலரைத் தேய்ப்பது போல நன்றாகக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அவருக்கு மண்டையில் ஏதோ தட்டியது. இலவச ஆட்டம் கொடுக்கும்போது மெஷின் ஏதாவது செய்தாக வேண்டும். வேறு எந்த நேரத்திலும் செய்யாத ஏதோ ஒன்று. இருபது ஆட்டம், முப்பது ஆட்டம் என்று அவர் ஆடிய பரிசோதனையெல்லாம் அந்த வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் எட்டிப் பார்க்காத இன்னோர் இடமும் இருந்தது. புள்ளி விளக்கைத் தவிர அங்கே என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவைத்த மேல்பெட்டி.

பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தார். மூலையில் தனியாக ஒரு காயில். அதன் தண்டு பாய்ந்தால் போய் இடிக்கிற மாதிரி ஒரு தகடு. ஜெயித்தவர்களுக்காக "டொக்" என்று ஓங்கித் தட்டுவது ஒன்றுதான் அதன் வேலை. பிடித்து நிறுத்தும் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்றைக் காணோம். விரலால் தண்டைத் தள்ளிப் பார்த்தார். தண்டு தகட்டை எட்டாமலே காயில் மொத்தமும் எகிறி, அதன் மின்சார முனை பக்கத்தில் ஓடும் எர்த் பட்டையைத் தொட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதது போலப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. ஃபிளிப்பருக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்; அது போக அந்த ஒரு நொடி போதும். ஜெயித்தால் மட்டுமே வருகிற பழுது. அவர் கையில் அது எத்தனை ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

எர்த் பட்டையில், முனை தொட்ட இடத்தில், பொட்டுப் பொட்டாகக் கருகியிருந்தது. டார்ச்சைக் கிட்டே பிடித்து எண்ணினார். ஐந்து.

"ஏம்மா, நாலு தடவதானே ஃபியூஸ் போச்சு?" என்று ஹாலிலிருந்து குரல் கொடுத்தார்.

இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது. "அஞ்சு. ஒருநாள் நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப போச்சு. நானே மாத்திட்டேன்."

"உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"பக்கத்துல நின்னு பாத்தேனே. பெரிய வித்தையா அது?"

மெக்கானிக் அந்த ஐந்து கரும்பொட்டையும் பார்த்தபடி நின்றார். சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தார், வெட்கமாகவும் இருந்தது. அவள் ஐந்து தடவை ஜெயித்திருக்கிறாள். அதற்குக் கிடைத்ததோ அவள் கையைப் பழித்த பேச்சுதான்.

புது ஸ்க்ரூ போட்டு இறுக்கினார், முனைக்கு ரப்பர் உறை மாட்டினார். பிறகு அறைவாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சரி பண்ணிட்டேன். ஆடிப் பாக்கணும். அஞ்சு லட்சம் வரைக்கும் என்னால போக முடியாது. நீதான் வரணும்."

"தொட மாட்டேன்னு சொல்லியாச்சே."

"தப்பு என்மேலதான். மன்னிச்சுடும்மா."

"என்கிட்ட ரகசியமா சொல்லி என்ன பண்றது? அண்ணிகிட்ட சிரிக்கச் சிரிக்கத்தானே சொன்னீங்க?"

அவர் ஹாலுக்குத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடுதான் வாசல்படி ஏறினார். "முதல்ல காலக் கழட்டிடலாம்" என்று அக்கா முந்தானையைச் செருகினாள்.

"கொஞ்சம் நில்லுக்கா" என்றார் மெக்கானிக். பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. வாசற்கதவில் சாய்ந்து நின்ற மனைவியைப் பார்த்தார். "போன்ல நான் சொன்னது அத்தனையும் தப்பு. இவ எதையும் உடைக்கல. ஜெயிச்சா மட்டும் ஃபியூஸ் போற மாதிரி உள்ள ஒரு பழுது. இந்த வீட்டுல அஞ்சு லட்சம் எடுத்தது இவ ஒருத்திதான், அதனால இவகிட்ட மட்டும் நின்னுது. அத நான் கண்டுபிடிக்காததுக்குக் காரணம், நான் ரெண்டு லட்சம்கூட எடுத்ததில்ல."

அத்தான் ஸ்க்ரூ டிரைவரைச் சத்தமில்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"எனக்கென்னமோ, அவ தொடாம இருந்தா நல்லதுன்னு தோணுது" என்றாள் அக்கா.

"அவ தொட்டாதான்க்கா தெரியும்."

மனைவி வந்து பொத்தான்களில் விரல் வைத்தாள். முதல் குண்டு எழுபதாயிரத்தில் குழிக்குள் போனது. அக்கா பெருமூச்சு விட்டாள். இரண்டாவது குண்டு போகவே மறுத்தது. வளையத்துக்குள் நுழைந்தது, மணிகளுக்கு நடுவே துள்ளியது, குழிக்கு நேராக வந்தபோதெல்லாம் அவள் கை நுனியளவு முந்தி அதைத் தூக்கி எறிந்தது. "வா, வா, எங்க போற நீ" என்றாள் குண்டிடம். மூன்று லட்சம். நான்கு. அத்தான் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான்கு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்.

வீடே அதிர்கிற மாதிரி ஒரு தட்டு. அக்கா துள்ளி விலகி, "பாத்தியா, உடைச்சிட்டா" என்றாள்.

"உடைக்கலக்கா. ஜெயிச்சிட்டா. ஜெயிச்சா இப்படித்தான் தட்டும்."

ஃபிளிப்பர்கள் உயிரோடு படபடத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது குண்டும் போய் ஆறரை லட்சத்தில் ஆட்டம் முடிந்தபோதும் அவள் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. ஐந்து தடவை ஜெயித்தவள் அந்தச் சத்தத்தை இன்றைக்குத்தான் கேட்கிறாள். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

மெக்கானிக் மெல்ல மெஷினுக்குப் பின்னால் போனார். ஸ்விட்சை அணைத்துவிட்டு, மேல்பெட்டிக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, அந்தத் தண்டை விரலால் ஓங்கித் தள்ளினார். டொக். இழுத்துவிட்டு மறுபடி தள்ளினார். டொக்.

"இப்ப எதுக்குடா தட்டற?" என்றாள் அக்கா.

"இது பழசுக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. டொக்.

மனைவி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே விரல் மடக்கி எண்ணினாள். நான்காவது தட்டுக்கு அப்புறம் சத்தம் நின்றது. அவள் ஐந்தாவது விரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மேல்பெட்டியைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"ஏங்க, நீங்க வேலைக்குப் போயிருந்த அன்னிக்கு ஒண்ணு" என்றாள்.

டொக்.